பறக்கும் விமானத்தில் தண்ணீர் உறையாதது ஏன்?

வானத்தில் விமானம் போகிறது. கீழே நின்று பார்த்தால் சிட்டுக்குருவி அளவுதான் தெரியும். ஆனால் அதற்குள் நூற்றைம்பது பேர், இருநூறு பேர் இருப்பார்கள். குழந்தைகள் இருப்பார்கள். முதியவர்கள் இருப்பார்கள். துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். கை கழுவ வேண்டும். டீ, காபி போட வேண்டும். கழிப்பறைக்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

விமானத்துக்கு வெளியே கடுங்குளிர். தண்ணீர் கல்லாக உறைந்துபோகும் குளிர். அப்படியிருந்தும் உள்ளே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எப்படி?

இதற்கு ஒரு குழாய் உதவுகிறது. அது வளையும் குழாய். மின்சாரத்தால் சூடேறும் குழாய். இதைச் சுருக்கமாகச் சூட்டுக் குழாய் என்று சொல்லலாம். பயணிகளின் கண்ணில் இது படுவதே இல்லை. தரைக்கு அடியிலும் சுவருக்குப் பின்னாலும் மறைந்து கிடக்கிறது. இது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் விமானத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லை. சில சமயம் கீழே ஊரில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

மேலே போகப் போகக் குளிர்

வட இந்தியாவில் கால்கா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிம்லாவுக்குச் சிறிய ரயில் மலை ஏறிப் போகிறது. கோடைக்காலத்தில் கால்காவில் வேர்த்துக் கொட்டும். சிம்லாவில் இறங்கினால் சால்வை தேடத் தோன்றும். சிம்லா கால்காவைவிடச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுதான் காரணம்.

ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இது பொதுவான கணக்கு.

பெரிய பயணிகள் விமானம் 10 அல்லது 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும். அங்கே எவ்வளவு குளிர் இருக்கும்? பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் அதிகமான குளிர் இருக்கும். தண்ணீர் பூஜ்யம் டிகிரியிலேயே உறைந்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் இருக்கும். வானத்தில் அதைவிட இன்னும் முப்பது டிகிரிக்கு மேல் குளிர்.

விமானத்தில் ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் வெதுவெதுப்பான காற்று வருகிறது. அதனால் பயணிகளுக்குக் குளிர் தெரிவதில்லை. ஆனால் விமானத்தின் வயிற்றுப் பகுதி அப்படி இல்லை. கதவு ஓரங்களும் வெளித்தகட்டை ஒட்டிய இடங்களும் குளிர்ந்து கிடக்கும். தண்ணீர்க் குழாய்கள் அந்த இடங்கள் வழியாகவும் போக வேண்டியிருக்கிறது.

தண்ணீர் உறைந்தால் என்ன?

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் உறையும்போது சுருங்காது. பெருக்கும். 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் சுமார் 109 லிட்டர் இடத்தை அடைக்கும். குழாய்க்குள் அதற்கு இடம் ஏது? அதனால் குழாயை உள்ளிருந்து நெருக்கும். குழாய் வெடிக்கும். அல்லது இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும்.

லடாக் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி குளிர் சாதாரணம். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். பல இடங்களில் அந்த மாதங்களில் லாரித் தண்ணீரையும் கைப்பம்பையும் நம்பித்தான் இருப்பார்கள். இப்போது சில இடங்களில் குழாய்களை ஆழமாகப் புதைக்கிறார்கள். மேலே காப்பு உறையும் சுற்றுகிறார்கள். மண்ணுக்கு அடியில் ஆழத்தில் குளிர் குறைவு. அதனால் தண்ணீர் உறையாது.

விமானத்தில் குழாயைப் புதைக்க மண் இல்லை. தடிமனான உறையும் போட முடியாது. எடை கூடும். இடமும் போதாது. அதனால்தான் குழாய்க்கே சூடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

வானத்தில் குழாய் வெடித்தால் உடனே தெரியாது. உறைந்த கட்டியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். விமானம் கீழே இறங்கும். கட்டி உருகும். அப்போது தண்ணீர் ஒழுகும். கீழே மின்கம்பிகள் இருக்கும். கருவிகள் இருக்கும். சரக்கும் இருக்கும். அவற்றின் மேல் தண்ணீர் விழுந்தால் கெடுதல்தான்.

தண்ணீர் போகும் வழி

விமான நிலையத்தில் தண்ணீர் வண்டி விமானத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். விமானத்தின் அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து, அங்கே குழாயை மாட்டித் தண்ணீர் ஏற்றுவார்கள். தண்ணீர் ஒரு தொட்டியில் நிறையும். நம் நாட்டில் நிறையப் பறக்கும் ஏ-320 என்ற வகை விமானத்தில் தொட்டி சுமார் 200 லிட்டர் பிடிக்கும். ஒரு டிரம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் தொட்டி மாடியில் இருக்கும். தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். விமானத்தில் தொட்டி கீழே இருக்கிறது. தண்ணீர் மேலே ஏற வேண்டும். அதற்குத் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி அழுத்துவார்கள். காற்று தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் குழாய் வழியாகக் கை கழுவும் இடத்துக்கும் சமையல் இடத்துக்கும் போகும்.

இந்த வழியில் எல்லா இடத்திலும் சூட்டுக் குழாய் தேவையில்லை. வெதுவெதுப்பான இடத்தில் சாதாரணக் குழாயே போதும். குளிர்ந்த இடங்களில் மட்டும் சூட்டுக் குழாய் போடுவார்கள். முக்கியமாகத் தண்ணீர் ஏற்றும் மூடிக்குப் பக்கத்தில் அது வேண்டும். அந்த இடம் வெளித்தகட்டை ஒட்டியே இருக்கிறது.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

சூட்டுக் குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கு அடுக்காகத் தெரியும். தயாரிப்பவரைப் பொறுத்துச் சிறு மாற்றங்கள் இருக்கும். பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும்.

முதலில் உள் குழாய். தண்ணீர் இதற்குள்தான் ஓடுகிறது. இதைப் பெரும்பாலும் டெஃப்லானில் செய்கிறார்கள். ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசியிருப்பதும் டெஃப்லான்தான். இது வழவழப்பானது. அழுக்கு எளிதில் ஒட்டாது. சூட்டையும் குளிரையும் தாங்கும். தண்ணீரின் ருசியை மாற்றாது. இது முக்கியம். இந்தத் தண்ணீரில்தான் டீ போடுகிறார்கள்.

இரண்டாவது சூட்டுக் கம்பி. பம்பரத்தில் கயிறு சுற்றுவது போல, உள் குழாயின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். கம்பியில் மின்சாரம் பாயும். கம்பி சூடாகும். இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் இப்படித்தான் சூடு உண்டாகிறது.

மூன்றாவது ரப்பர் உறை. இதைச் சிலிக்கோன் என்ற ரப்பரில் செய்வார்கள். இது இரண்டு வேலை செய்கிறது. மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கிறது. சூடு வீணாகாமல் உள்ளே நிறுத்துகிறது.

நான்காவது வெளி உறை. உரசினாலும் கிழியாதபடி இது குழாயைக் காக்கிறது. சில குழாய்களில் எஃகுக் கம்பியைப் பாய் முடைவது போலப் பின்னியிருப்பார்கள்.

குழாயின் இரண்டு நுனியிலும் இணைப்புத் திருகுகள் இருக்கும். பக்கத்தில் மின்சார இணைப்பு இருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். பெரிய விமானங்களில் பொதுவாக 115 வோல்ட் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

தண்ணீரும் மின்சாரமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கலாமா? ஷாக் அடிக்காதா? இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள் குழாயின் சுவர் இருக்கிறது. கம்பிக்கு மேலே ரப்பர் இருக்கிறது. பல விமானங்களில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இருக்கிறது.

ஏன் வளைய வேண்டும்?

இரும்புக் குழாய் போட்டால் என்ன? அது உறுதியாகத்தானே இருக்கும்?

விமானம் ஒரு கட்டடம் போல அசையாமல் இருப்பதில்லை. ஓடுபாதையில் ஓடும்போது அதிர்கிறது. எஞ்சின் சுற்றும்போது அதிர்கிறது. மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அதனால் விமானத்தின் உடல் பலூன் போல இலேசாக உப்பும். இறங்கியதும் பழைய அளவுக்கு வரும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனாலும் நடக்கிறது.

வெப்பமும் மாறுகிறது. மே மாதம் டெல்லியில் ஓடுபாதையில் 45 டிகிரி வெயில் அடிக்கும். புறப்பட்டு அரைமணி நேரத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி. உலோகம் வெயிலில் நீளும். குளிரில் சுருங்கும்.

வளையாத குழாயை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டினால் என்ன ஆகும்? நாளடைவில் பூட்டிய இடத்தில் விரிசல் விடும். வளையும் குழாய் அசைவுக்கு ஈடுகொடுக்கும். மூலை முடுக்குகளிலும் வளைந்து போகும். பழுதானால் கழற்றி மாட்டுவதும் எளிது.

வீட்டில் கேஸ் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிறக் குழாயைப் பாருங்கள். அதுவும் வளையும். உள்ளே கம்பி வைத்து உறுதியாக்கியிருப்பார்கள். எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வளையும் குழாய்க்கு ஆயுள் உண்டு. காலம் முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

அளவான சூடு

தண்ணீரைக் கொதிக்க வைப்பது இந்தக் குழாயின் வேலை இல்லை. உறையாமல் இருந்தால் போதும். அதிகமாகச் சூடானால் குழாயே கெட்டுவிடும்.

அதனால் சூட்டை அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அதன் பெயர் தெர்மோஸ்டாட். இஸ்திரிப் பெட்டியிலும் இது இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி போதுமான அளவு சூடானதும் விளக்கு அணையும். சூடு குறைந்ததும் விளக்கு மறுபடி எரியும். யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. தானாக நடக்கிறது.

குழாயிலும் அப்படித்தான். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்துகொண்டு வந்தால் மின்சாரம் பாயும். போதுமான சூடு வந்ததும் நின்றுவிடும். பயணம் முழுவதும் இது மாறி மாறி நடக்கும். விமானி இதைக் கவனித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது?

கை கழுவிய தண்ணீர் ஒரு வழியில் போகிறது. கழிப்பறைக் கழிவு வேறு வழியில் போகிறது. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

கை கழுவிய தண்ணீரும் சமையல் இடத்தில் கொட்டிய தண்ணீரும் பல விமானங்களில் வெளியே போய்விடும். விமானத்தின் அடிவயிற்றில் மீனின் துடுப்பு போல ஒரு சிறிய குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அது வடிகுழல். தண்ணீர் அதன் வழியாக வெளியேறி, காற்று வேகத்தில் பொடிப் பொடியாகச் சிதறிவிடும்.

இந்த வடிகுழல் கடுங்குளிரில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இதையும் மின்சாரத்தால் சூடாக்குகிறார்கள். சூடு இல்லாவிட்டால் வெளியேறும் தண்ணீர் குழலின் வாயிலேயே உறையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வளரும். பிறகு அது உடைந்து கீழே விழும்.

கழிப்பறைக் கழிவை வெளியே விடுவதில்லை. அது விமானத்துக்குள்ளேயே ஒரு மூடிய தொட்டியில் சேருகிறது. விமானம் இறங்கியதும் கழிவு வண்டி வரும். தொழிலாளர்கள் குழாயை மாட்டித் தொட்டியைக் காலி செய்வார்கள். பிறகு வாயை இறுக்கி மூடுவார்கள்.

அந்த வாய் சரியாக மூடாவிட்டால்? அடைப்பானில் பழுது இருந்தால்? அப்போதுதான் பிரச்சினை வருகிறது. பறக்கும்போது கழிவு சொட்டுச் சொட்டாகக் கசியும். கசிந்ததும் உறையும். அதன் மேல் இன்னொரு சொட்டு உறையும். இப்படி விமானத்தின் அடியில் பெரிய கட்டி ஒட்டிக்கொள்ளும். நாற்றம் போகக் கழிவில் நீல நிற மருந்து கலப்பார்கள். அதனால் கட்டியும் நீலமாக இருக்கும். இதற்கு நீலப் பனி என்று பெயர். விமானம் இறங்கும்போது காற்று வெதுவெதுப்பாகும். கட்டியின் பிடி தளரும். அது கழன்று விழும்.

வயலில் விழுந்த கட்டி

2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஹரியானா மாநிலம், குருகிராம் மாவட்டம். பாஸில்பூர் பாத்லி என்ற கிராமம். வயலில் வானத்திலிருந்து ஒரு பெரிய பனிக்கட்டி விழுந்தது. தொம்மென்று சத்தம் கேட்டது. ஊரே கூடிவிட்டது.

அது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. வானத்திலிருந்து வந்த அதிசயப் பொருள் என்று சிலர் நினைத்தார்கள். விலை உயர்ந்த பொருளாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். உடைத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார்கள்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். இது விமானக் கழிப்பறையிலிருந்து கசிந்து உறைந்த கழிவாக இருக்கலாம் என்று சொன்னார்கள். சோதனைக்கு மாதிரி எடுத்துச் சென்றார்கள். இதைக் கேட்டதும் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள். சிரித்தவர்களும் உண்டு.

இதில் அந்த ஊர் மக்களை ஏளனம் செய்ய ஒன்றும் இல்லை. விமானத்தில் கழிவுத் தொட்டி இருக்கிறது, அது கசியும், கசிந்தால் உறையும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாத பொருளைக் கண்டால் மனிதர் யாரும் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பொருள் சொல்வார். நல்லவேளையாகக் கட்டி வயலில் விழுந்தது. ஓட்டு வீட்டின் மேல் விழுந்திருந்தால்? வயலில் வேலை செய்கிறவர் தலையில் விழுந்திருந்தால்?

விமான நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் புகார் இதற்கு முன்பே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லி விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். விமானங்களிலிருந்து கழிவு தன் வீட்டின் மேல் விழுகிறது என்று சொன்னார். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. வானத்தில் கழிவை வெளியே விடும் விமான நிறுவனம் 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இறங்கும் விமானங்களில் திடீர்ச் சோதனை செய்து, தொட்டியைப் பார்க்கும்படியும் சொன்னது.

எரிபொருளிலும் பனி

விமானத்தில் ஓடுவது தண்ணீர் மட்டும் இல்லை. எரிபொருளும் ஓடுகிறது. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. அது தண்ணீரைப் போலச் சீக்கிரம் உறையாது. சாதாரணமாகப் பயன்படும் வகை பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரை தாங்கும்.

ஆனால் எரிபொருளில் எப்போதும் துளி அளவு தண்ணீர் கலந்திருக்கும். முழுவதும் நீக்க முடியாது. அந்தத் துளித் தண்ணீர் உறைந்தால்?

2008 ஜனவரி 17 அன்று இது நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானம் சீனாவின் பெய்ஜிங் நகரிலிருந்து லண்டனுக்குப் போனது. உள்ளே 152 பேர் இருந்தார்கள். வழியில் சைபீரியாவின் மேல் கடுங்குளிர். எரிபொருளின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரி வரை போனது. எரிபொருள் உறையவில்லை. ஆனால் அதில் இருந்த துளித் தண்ணீர் குழாய்களின் உட்புறத்தில் பனியாக ஒட்டிக்கொண்டது.

லண்டனில் இறங்கும் நேரம். தரைக்குச் சுமார் 220 மீட்டர் உயரம்தான் இருந்தது. எஞ்சின் அதிக எரிபொருள் கேட்டது. வேகமாகப் பாய்ந்த எரிபொருள் ஒட்டியிருந்த பனியைப் பெயர்த்துக்கொண்டு போனது. எஞ்சினுக்கு முன்னால் இருந்த ஒரு கருவியின் வாயைப் பனி அடைத்தது. முதலில் ஓர் எஞ்சினின் சக்தி குறைந்தது. சில விநாடிகளில் மற்றதும் குறைந்தது.

விமானிகளுக்கு மிகக் குறைந்த நேரமே கிடைத்தது. ஆனாலும் வீடுகளையும் சாலையையும் தாண்டி விமானத்தைக் கொண்டுபோனார்கள். ஓடுபாதைக்குச் சுமார் 330 மீட்டர் முன்னதாகப் புல்தரையில் விமானம் மோதி இறங்கியது. பலருக்குக் காயம். ஒருவருக்குப் பலத்த காயம். யாரும் சாகவில்லை.

பனி அடைத்த அந்தக் கருவியின் வேலை என்ன? எரிபொருளைச் சூடாக்குவதுதான். எஞ்சினில் ஓடும் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அந்தச் சூட்டை எடுத்துக் குளிர்ந்த எரிபொருளுக்குக் கொடுக்கும் கருவி அது. அதற்குள் ஏராளமான மெல்லிய குழாய்கள் இருந்தன. அவற்றின் நுனிகள் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இடுக்கில் பனி தங்கிவிட்டது. இதை ஆய்வாளர்கள் பல சோதனைகள் செய்து கண்டுபிடித்தார்கள். பிறகு நுனிகள் நீட்டாதபடி கருவியை மாற்றி அமைத்தார்கள். அந்த வகை எஞ்சின் உள்ள மற்ற விமானங்களிலும் மாற்றினார்கள்.

தண்ணீருக்குச் சூட்டுக் கம்பி. எரிபொருளுக்கு எஞ்சினின் சூடு. வழி வேறு. நோக்கம் ஒன்று. ஓட வேண்டியது உறையாமல் ஓட வேண்டும்.

சரிபார்க்கும் கைகள்

சூட்டுக் குழாய் தானாக வேலை செய்யும். ஆனால் அது கெட்டுப்போனால் தானாகச் சரியாகாது. அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

விமானத்தைப் பராமரிக்கும் பொறியாளர்கள் அரசிடம் உரிமம் பெற்றவர்கள். அவர்களும் உதவியாளர்களும் குறித்த காலத்துக்கு ஒருமுறை தரைத் தகடுகளைக் கழற்றுவார்கள். குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளி உறை உரசித் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மீட்டரை வைத்துச் சூட்டுக் கம்பி அறுந்திருக்கிறதா என்று அளப்பார்கள். செய்த வேலையை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்து போட்டவரே பொறுப்பு.

விமானம் இரவு முழுவதும் கடுங்குளிரில் நிற்க வேண்டுமானால் வேறு ஒன்று செய்வார்கள். மின்சாரம் இல்லாமல் நிற்கும்போது குழாய் சூடேறாது. அதனால் தொட்டியிலும் குழாயிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் எது உறையும்?

தண்ணீர் வண்டித் தொழிலாளிக்கும் கழிவு வண்டித் தொழிலாளிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வாய் சரியாக மூடியதா, சொட்டு கசிகிறதா என்று கடைசியாகப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒரு மூடியைச் சரியாக அடைத்தால் வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் நிம்மதி.

விமானத்தில் போகும்போது

முதல் முறை விமானத்தில் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

கழிப்பறையில் பொத்தானை அழுத்தியதும் புஸ்ஸென்று பெரிய சத்தம் வரும். பயப்பட வேண்டாம். காற்று கழிவை உறிஞ்சி இழுக்கும் சத்தம் அது. அதனால்தான் கொஞ்சம் தண்ணீரே போதுமானதாக இருக்கிறது.

துணி, பிளாஸ்டிக், குழந்தையின் இடுப்புத் துணி எதையும் கழிப்பறையில் போடக் கூடாது. குழாய் அடைத்துக்கொள்ளும். பயணம் முடியும் வரை அந்தக் கழிப்பறையை யாரும் பயன்படுத்த முடியாது.

கை கழுவும் தொட்டியில் வெற்றிலை, பாக்கு, சாப்பாட்டு மிச்சம் எதையும் கொட்டக் கூடாது. வடிகுழலின் வாய் சிறியது.

தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் பணிப்பெண்ணிடமோ பணியாளரிடமோ உடனே சொல்ல வேண்டும். குழாய் கசிவதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

தரையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஆலங்கட்டி மழை பெய்தால் பல கட்டிகள் விழும். மழையும் இருக்கும். இடியும் இருக்கும். அது இயற்கை. மழையே இல்லாதபோது ஒரே ஒரு பெரிய கட்டி விழுந்தால் அது வேறு. நீலமாகவோ பழுப்பாகவோ இருந்தால் கையால் தொடக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. குழந்தைகளை அருகில் விடக் கூடாது. கிராம அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். விழுந்த நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். எந்த விமானம் அப்போது மேலே போனது என்று அந்த நேரத்தை வைத்துத்தான் தேட முடியும்.

புதிய சொற்கள்

சூட்டுக் குழாய் – மின்சாரத்தால் சூடேறும், வளையும் குழாய்.
தெர்மோஸ்டாட் – சூட்டை அளந்து மின்சாரத்தைத் தானாக நிறுத்தும், திறக்கும் கருவி.
வடிகுழல் – கை கழுவிய தண்ணீர் விமானத்திலிருந்து வெளியேறும் குழல்.
நீலப் பனி – விமானக் கழிவு கசிந்து உறைந்த கட்டி.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள். ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். கண்ணாடி பாட்டில் வைக்க வேண்டாம். வெடித்துவிடும். காலையில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பாருங்கள். என்ன மாற்றம் தெரிகிறது? ஏன்?

பதில் சொல்லுங்கள்

1. 11 கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு குளிர் இருக்கும்?
2. விமானத்தில் வளையும் குழாய் ஏன் வேண்டும்? இரண்டு காரணங்களைச் சொல்லுங்கள்.
3. கை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கழிப்பறைக் கழிவு எங்கே போகிறது?
4. 2008-இல் லண்டனில் விமானத்தின் எஞ்சின்கள் ஏன் சக்தி இழந்தன?
5. உங்கள் வீட்டு கேஸ் குழாயின் மேல் எந்த ஆண்டு அச்சிட்டிருக்கிறது? படித்துப் பார்த்து எழுதுங்கள். அந்த ஆண்டு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் குழாயை உடனே மாற்றுங்கள்.